சம்பந்தி கேட்ட தொட்டி

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொக்தார் தன் அல்மாட்டி வீட்டுக் குளியலறை வாசலின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, நடுவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். 'நாளை பதினோரு மணி வரை யாரும் நுழையக்கூடாது. தண்ணீரைத் தொடக்கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. 'தொடக்கூடாது' என்பதற்குக் கீழே மூன்று கோடுகள்.

"கை எங்க கழுவுறது?" என்று கேட்டாள் மனைவி குல்யாஷ். முழங்கை வரை மாவு.

"சமையல்கட்டுல கழுவு."

"குளிக்கிறது?"

"நேத்துதான குளிச்ச?"

"நாளைக்கு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுலேருந்து பொண்ணுக்குத் தோடு போட வர்றாங்க. பொண்ணப் பெத்தவ அழுக்கோட போய் நிக்கட்டுமா?"

"பன்னெண்டு மணிக்குத்தான வர்றாங்க? பதினோரு மணிக்குத் தொறந்து விடுறேன். ஒரு மணி நேரம் உனக்கே உனக்கு."

குல்யாஷ் கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நீண்ட வெள்ளைத் தொட்டியில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் அசையாமல் நின்றது. தொட்டியைச் சுற்றிச் சுவர் வரைக்கும் ஒரே பலகையாகக் குர்தாய் ஊர்க் கிரானைட். தொட்டியின் விளிம்பே வெளியில் தெரியவில்லை. கல்லின் அடியில் போய் ஒளிந்திருந்தது. கல்லும் தொட்டியும் சேருகிற இடத்தில் மெல்லிய ஈரக் கோடாகச் சிலிக்கான் பசை பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவள் வாயால் சொல்வதாக இல்லை.

எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது. பல்காஷ் ஊரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா கெங்கெஸ்பேக் மூன்று வாரத்துக்கு முன் கூப்பிட்டார். செப்பு ஆலையில் பெரிய அதிகாரி. ஏரியைப் பார்த்த வீடு, அதில் மூன்று குளியலறை என்று மகள் மக்பால் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வரும் தேதியைச் சொல்லிவிட்டு மனிதர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. உங்க வீட்டுல குளிக்கிற தொட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"நீளமா? அது... நல்ல நீளம்."

"தண்ணி நிக்காம வருமா?"

"வரும்."

"அப்ப சரி. வர்றோம்."

பெண் எப்படி இருக்கிறாள், என்ன படித்திருக்கிறாள், ஒரு கேள்வி இல்லை. போனை வைத்தபோது தொக்தாரின் காது சிவந்திருந்தது. "பாத்தியா குல்யாஷ், நாம எந்த மாதிரி ஆளுங்கன்னு எடை போடுறான். தொட்டி இருக்கான்னு கேக்குறான்! நாம என்ன ஆத்துல குளிக்கிறோமா?"

"ஏதோ கேட்டாரு, விடுங்க."

"நீளம் கேட்டான் குல்யாஷ். நீளம்!"

வீட்டில் இருந்தது, கட்டடம் எழும்பியபோதே வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி. பழுப்பேறி, ஒரு காலுக்குப் பதில் செங்கல் முட்டுக் கொடுத்து, முப்பத்தெட்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. மறுநாளே தொக்தார் பெரிய சுத்தியலால் அதை நாலாக உடைத்துக் கீழே இறக்கிவிட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போன ஹோட்டலில் கல்லுக்கு அடியில் பொருத்திய தொட்டியைப் பார்த்திருந்தார். அதே மாதிரிதான் வேண்டும், கொத்தனார் வேண்டாம் என்றார். முப்பது வருஷம் டிராலிபஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பத்து டன் வண்டியை அவிழ்த்துப் பூட்டியவனுக்கு ஒரு தொட்டி எம்மாத்திரம் என்பது அவர் கணக்கு.

தொட்டி பெரிய மனசு பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை கல்லை ஏற்றி, இடைவெளியைச் சிலிக்கானால் அடைத்து, புதன்கிழமை காய்ந்த பிறகு தண்ணீரை நிரப்பினார். தண்ணீரின் பாரத்தில் தொட்டி இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியது. கல் இறங்குமா? அது அங்கேயே நின்றது. சிலிக்கான் சுற்றிலும் கிழிந்தது. அது தெரியாமல் ஷவரைத் திறந்து கல்லைக் கழுவினார். நேர் கீழே மூன்றாம் மாடியில் லுத்மிலா பாவ்லவ்னாவின் குளியலறையில் மழை பெய்தது.

அதற்குப் பிறகுதான் மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, சிலிக்கான் குழாயின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். முதலில் தொட்டியை நிரப்பு. பாரத்தில் அது இறங்கட்டும். பிறகு அடை. இருபத்து நாலு மணி நேரம் தண்ணீரை எடுக்காதே. எடுத்தால் தொட்டி மேலே ஏறும், ஈரச் சிலிக்கான் மறுபடி கிழியும். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்து முடிக்கும்போது வெள்ளிக்கிழமை பதினோரு மணி. ஒரு மணி நேர இடைவெளியில் மானம் தப்பிவிடும் என்று தொக்தார் நிம்மதியாகத் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்.

அப்போது லுத்மிலா பாவ்லவ்னா வந்தாள்.

"என் கூரை உப்பிக்கிட்டு நிக்குது தொக்தார். மேல எவன் வீட்டுக் குழாய்னு கண்டுபிடிச்சியா?"

புதன்கிழமை ஒழுகியது அஞ்சாம் மாடிக் குழாய் என்று தொக்தார் அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார். "விசாரிச்சிட்டிருக்கேன்" என்றார்.

லுத்மிலாவின் கண் அதற்குள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "ஆமா, தொட்டி ஏன் இப்படி ரொம்பி நிக்குது?"

சிலிக்கான் கதையைச் சொன்னால் கூரைக் கதையும் சேர்ந்து வெளியே வரும். "சும்மா. ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

"எதுக்குப் பாதுகாப்பு?"

"நாளைக்குத் தேவைப்படும்ல."

அவள் அட்டையைப் படித்தாள். 'தண்ணீரைத் தொடக்கூடாது', மூன்று கோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் கொழுந்தியா இன்னும் தண்ணி ஆபீஸ்லதான இருக்கா?"

"இருக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அறுபத்தொன்பது வயசு லுத்மிலா பாவ்லவ்னா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

அரை மணி நேரத்தில் சுவருக்குள் இருந்த குழாய்கள் எல்லாம் உறுமத் தொடங்கின. அறுபது வீடு. தொட்டி, வாளி, அண்டா, ஊறுகாய் ஜாடி, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பிடித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்கும் சேதி போயிற்று. மத்தியானம் இரண்டு மணிக்குக் குல்யாஷ் சமையலறைக் குழாயைத் திறந்தாள். அது இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது.

"என்னங்க, தண்ணி வரல!"

தொக்தார் முற்றத்துக்கு ஓடினார். வேப்பங்காய் தின்ற முகத்தோடு பத்துப் பேர் வாளியும் கையுமாக நின்றார்கள்.

"யாரு சொன்னா தண்ணி நிக்கும்னு? நிக்காது! நான் சிலிக்கான் காயத்தான் நிரப்பி வெச்சேன்! பிடிச்சதெல்லாம் போதும், குழாய மூடுங்க!"

எல்லாரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சிலிக்கானாம்!" என்றான் முதல் மாடிக்காரன். "தான் முந்நூறு லிட்டர் பிடிச்சு வெச்சுக்கிட்டு நம்மள மூடச் சொல்றான்."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கொழுந்தியா சத்தியம் வாங்கியிருப்பா" என்றாள் இன்னொருத்தி.

"எத்தன நாளைக்கு நிக்கும் தொக்தார்? மூணு நாளா? கண்ண மட்டும் சிமிட்டு, நாங்க புரிஞ்சுக்கிறோம்."

தொக்தாருக்கு ஆத்திரத்தில் கண் தானாகவே துடித்தது. மூன்று நாள் என்று முடிவாகிவிட்டது.

சாயங்காலம் கொழுந்தியாளே கூப்பிட்டாள். "மாமா, உங்க பக்கம் மூணு நாள் தண்ணி நிக்குதாமே? எங்க ஆபீஸ் பூரா அதே பேச்சு. எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லல? நல்லவேள, நாங்களும் பிடிச்சு வெச்சுட்டோம்."

குல்யாஷ் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கறி கழுவணும். கறியோட போடுற பெஸ்பர்மாக்குக்கு மாவு பிசையணும். ஒரு வாளி மொண்டுக்கட்டுமா?"

"ஒரு டம்ளர்கூடக் கூடாது."

"கல்லுப் பாறைய வெச்சு விருந்து போடுவீங்களா?"

"அக்கம்பக்கத்துல கேளு."

கேட்டாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே அண்டாக்களை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொக்தார் கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய் மண்டியிட்டார். தொட்டியின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

"குல்யாஷ்!"

"எட்டு வாளி" என்றாள் அவள் அடுப்படியிலிருந்தே, அசராமல். "அதுவும் எண்ணி எண்ணித்தான் எடுத்தேன். உங்க கோட்டுக்குப் பயந்து டீகூடப் பாதிதான் போட்டேன்."

"எட்டு வாளின்னா எம்பது கிலோ! எம்பது கிலோ பாரம் போச்சு! தொட்டி ஏறிடும், கிழிஞ்சிடும்!"

"எம்பது கிலோதான? வேற எதையாவது தூக்கிப் போடுங்க."

எரிச்சலில் சொன்னாள். தொக்தாரின் முகம் மலர்ந்தது. பால்கனியில் விருந்துக்கு வாங்கிய தர்பூசணி பத்து இருந்தது, ஒவ்வொன்றும் எட்டுக் கிலோவுக்குக் குறையாது. ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கி வந்து தொட்டியில் இறக்கினார். பத்தாவது இறங்கியதும் தண்ணீர் சரியாகப் பென்சில் கோட்டைத் தொட்டது. சந்தோஷத்தில் மகளைக் கூப்பிட்டார்.

மக்பால் வந்து பார்த்தாள். பச்சைத் தர்பூசணிகள் பத்தும் மெல்லச் சுற்றிச் சுற்றி மிதந்தன.

"அப்பா, அவங்க என்னப் பாக்க வர்றாங்க. தொட்டியப் பாக்க வரல."

"உனக்குத் தெரியாதும்மா. மனுஷன் தொட்டியத்தான் கேட்டான். உன்னப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல." தொக்தார் ஒரு தர்பூசணியை விரலால் தள்ளிவிட்டார். "நாளைக்கு அந்த வீட்டுல நீ எதையாவது ஒடைச்சாலோ, சோத்தக் கரிய விட்டாலோ, 'ஒடஞ்ச தொட்டி வீட்டுப் பொண்ணு'ன்னு ஒருத்தர் வாயில வரக்கூடாது. அவ்வளவுதான்."

மக்பால் அப்பாவின் ஈரச் சட்டையைப் பார்த்துவிட்டு, "போய் மாத்துங்க, கோட்டு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

அவர் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, டை எல்லாம் மாட்டிக்கொண்டு எட்டரை மணிக்குத் திரும்பி வந்தபோது தொட்டியில் இரண்டு தர்பூசணிதான் மிதந்தன. மூன்றாவது குல்யாஷின் இடுப்பில் இருந்தது.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"மேஜைக்கு. விருந்துக்கு வாங்கினதா, தொட்டிக்கு வாங்கினதா? நீங்க உடுத்துற நேரத்துக்குள்ள ஏழு அறுத்தாச்சு."

"அறுத்தாச்சா! இப்ப நான் எம்பது கிலோவுக்கு எங்க போவேன்?"

குல்யாஷ் நின்றாள். கணவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். "தொண்ணூத்தி ரெண்டு கிலோ இங்க நிக்குதே" என்று சொல்லிவிட்டுத் தர்பூசணியோடு போய்விட்டாள்.

தொக்தார் மீதி இரண்டையும் எடுத்து வெளியே உருட்டிவிட்டார். மணி பார்த்தார். பதினொன்றுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். விருந்தாளிகள் வர மூன்றரை மணி நேரம். துணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு நொடியும் சிலிக்கான் மேலே இழுபடுவது போல இருந்தது. செருப்பை மட்டும் விட்டுவிட்டு, கல்லில் கை படாமல், ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அல்மாட்டியின் குழாய்த் தண்ணீர் மலைப்பனி உருகி வருவது. ஆகஸ்ட் மாதத்திலும் அது எலும்பைப் பிடிக்கும். தொக்தார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார். மட்டம் பென்சில் கோட்டுக்கு வந்தது. பல் கிடுகிடுத்தாலும் மனசு நிறைந்தது.

ஒன்பதேகாலுக்குக் கீழே முற்றத்தில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது.

"என்னங்க!" குல்யாஷின் குரல் கீச்சிட்டது. "பல்காஷ் வண்டி! வந்துட்டாங்க! வெளிய வாங்க!"

"வர முடியாது!"

"வர முடியாதா?"

"எந்திரிச்சா எல்லாம் போச்சு! அவங்கள வரவேற்பறையில உக்கார வை. டீ குடு. ரெண்டு மணி நேரம் டீ குடு!"

படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஓடி ஏறி வரும் சத்தம். நாலு மாடியையும் ஒரே மூச்சில். கதவு திறந்தது. குல்யாஷ் "வாங்க வாங்க சம்பந்தி" என்று ஆரம்பிப்பதற்குள் கெங்கெஸ்பேக்கின் குரல் வீடு முழுக்க ஒலித்தது.

"தொட்டி எங்க?"

தொக்தார் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சலாம் இல்லை, நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. அறுநூறு கிலோமீட்டர் வந்து அந்த மனிதன் வாயில் வந்த முதல் சொல் தொட்டி.

கெங்கெஸ்பேக் குளியலறை வாசலில் வந்து நின்றார். பெரிய உடம்பு, தூங்காத சிவந்த கண், முழங்கைக்கு மேலே சுருட்டிய சட்டைக்கை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்த தொக்தார் வலது கையை நெஞ்சில் வைத்தார். "வாங்க சம்பந்தி. பிரயாணம் எல்லாம் சௌக்கியமா?"

கெங்கெஸ்பேக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே வந்தார். தொட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணால் அளந்தார். "நீளம் சரியாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார். குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். "நல்ல குளிர்ச்சி." அடுத்து தொக்தாரைப் பார்த்தார், முகம் வாடியது. "ஆனா... நீங்க எப்ப வெளிய வருவீங்க?"

"பதினோரு மணிக்கு."

"பதினோரு மணியா!" கெங்கெஸ்பேக் தலையில் கைவைத்தார். "முடியாது சம்பந்தி! அவ்வளவு நேரமெல்லாம் முடியாது!"

தொக்தாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மானம் போனது போனதுதான், மகளாவது மிஞ்சட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினார். "சம்பந்தி, உண்மையச் சொல்லிடுறேன். எங்க வீட்டுல இருந்தது ஒடஞ்ச கால் தொட்டி. நீங்க கேட்டீங்கன்னு வெக்கப்பட்டு அத ஒடச்சிட்டு இத வெச்சேன். எனக்குத் தெரியாத வேலை. சிலிக்கான் காயல. நான் எந்திரிச்சா கிழிஞ்சிடும். என்னால இந்தக் கட்டடத்துக்கே தண்ணி போச்சு. கீழ்வீட்டுக் கூரையும் என்னாலதான் ஒழுகுது. என்னய என்ன வேணா சொல்லுங்க. ஆனா என் பொண்ணு தங்கம். தொட்டிய வெச்சு அவள எடை போட்டுடாதீங்க."

கதவோரம் நின்ற மக்பால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கெங்கெஸ்பேக்கின் மனைவிதான் முதலில் சிரித்தாள். சம்பந்தி வீட்டுக்கு வரும் ஆண்களைப் பெண்வீட்டுப் பெண்கள் பிடித்துத் தண்ணீரில் தள்ளிக் கலாட்டா பண்ணுவது அவர்கள் பக்கத்து வழக்கம். "நம்மளத்தான் தள்ளுவாங்கன்னு மூணு ஜோடி மாத்துத் துணி கொண்டு வந்தேன். இவங்க வீட்டுல பொண்ணோட அப்பாவே மொதல்ல எறங்கிட்டாரே!"

"சம்பந்தி, நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் கெங்கெஸ்பேக் தவிப்போடு, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. "உங்க பொண்ணப் பத்தி நான் கேக்க என்ன இருக்கு? ரெண்டு வருஷமா எம்பையன் வீட்டுல வேற பேச்சே பேசல. காதுல ரத்தம் வராத கொறதான். இப்ப நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா ஒதுங்கி, கால மடக்கிக்கிட்டாலும் போதும்."

"கால மடக்கவா? எதுக்கு?"

படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தலையிலிருந்து கால்வரை நனைந்த வண்டி ஓட்டுநர், ஈரச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றையும் அட்டையையும் அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"நகருங்கய்யா, வாய் பொளந்துடுச்சு! உங்க விருந்துக்குன்னு ஏரியிலேருந்து உசுரோட கொண்டு வந்த பதினஞ்சு கிலோ கெண்டை மீனு இது. இத விடத்தான வீட்டுல தொட்டி இருக்கா, நீளம் எவ்வளவுன்னு இவரு அன்னைக்கே போன்ல கேட்டாரு, எந்தப் பழைய தொட்டியா இருந்தாலும் போதுமே!"